ஆறு மா சக்கரவர்த்தி

செப்டம்பர் 18

தாலுகா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி நான் எழுதிய பதினான்கு பக்கத்துக்கு நான்கே வார்த்தையில் பதில். அந்த மனுவை ஒரு கல்லிடம் படித்துக் காட்டியிருந்தால் கல் விம்மியிருக்கும், வாய்க்கால் வெட்கப்பட்டுத் தன்னைத்தானே தூர்வாரிக்கொண்டிருக்கும். இவர்கள் அதை வெள்ளரிக்காய் மடித்துத் தின்ன வைத்திருப்பார்கள்.

நான் வேதமூர்த்தி. முப்பத்திரண்டு வருடம் இந்த ஊரின் தபால் சாம்ராஜ்யத்தை ஆண்டு ஓய்வுபெற்றவன். இப்போது வடக்குவெளியில் ஆறு மா நிலத்தின் சக்கரவர்த்தி. ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டு. மா கணக்கில்தான் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

மனுவுக்கு மறுமனு எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் தைலம்மை வந்தாள். பதினொரு வருடமாக என் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறாள். எழுத்து கிழுத்து ஒன்றும் கிடையாது, வாய்வார்த்தைதான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் செம்மண். நடந்து வந்த இடமெல்லாம் கால்தடம். காலையில்தான் தரையைத் துடைக்கச் செய்திருந்தேன்.

"கடமடைக்குத் தண்ணி வர்ற மாதிரி தெரியல மாமா. காத்திருந்தா பட்டம் போயிரும். நாத்து விடாம புழுதியிலயே வெதச்சிர்றேன்."

"போடு போடு" என்றேன். அப்போது மூன்றாவது பத்தியில் தாசில்தாரை நிமிர்ந்து உட்காரவைக்கும் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன்.

கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்து வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

அக்டோபர் 6

தைலம்மையின் காதில் தோட்டைக் காணோம். தோட்டுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள்.

"என்னடி, காதுல விளக்குமாறு முளைச்சிருக்கு?" என்றேன்.

"உரம் வாங்கணும், ஆளு விட்டுக் களை எடுக்கணும். சொசைட்டியில மூணு மாசத் தவணைக்கு அடகு வச்சிட்டேன் மாமா. அறுத்ததும் மூட்டுருவேன்."

அவள் புருஷன் கேரளாவில் கொத்தனார். மாதம் ஒரு முறை போன் வரும், பணம் வராது.

மீன் குழம்பு. முள் அதிகம்.

அக்டோபர் 21

தைலம்மை ஒரு படிவம் கொண்டுவந்தாள். குத்தகை சம்மதப் படிவம். நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்டால், அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று அரசாங்கம் எழுதிவைக்கும் ஏட்டில், சாகுபடியாளர் என்று அவள் பெயர் ஏறுமாம். மழையோ புயலோ வந்து பயிர் போனால் நிவாரணம் அவள் கணக்குக்கே வருமாம்.

நியாயமான விஷயம். உடனே போட்டிருப்பேன். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போடுவது தபால் துறைக்கே இழுக்கு.

"கண்ணாடி சரியாவட்டும். வச்சிட்டுப் போ."

மாலையில் டீக்கடையில் உப்பிலி. கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். உலகத்தில் உள்ள அத்தனை அசிங்கமும் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குள் வரும். வடக்குவெளிப் பக்கம் பெரிய ரோடு வரப்போகிறதாம், நில விலை ஏறுமாம். "குத்தகைக்காரன் பேரு ஒரு தடவ ஏடேறிட்டா அப்பறம் நிலம் நம்மளுதில்ல வேதம் சார், நாமதான் நிலத்துக்கு விருந்தாளி" என்று சொல்லிப் பல்லைக் காட்டினார். என்ன மனிதர். சொந்தச் சனத்தையே சந்தேகிக்கும் ஈன புத்தி. அருவருப்பாக இருந்தது.

படிவத்தைப் பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நவம்பர் 4

தைலம்மை இரண்டாவது படிவம் கொண்டுவந்தாள். இன்று அஷ்டமி.

நவம்பர் 13

மூன்றாவது படிவம். பேனாவில் மை இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மாலையில் கலெக்டருக்கு ஏழு பக்கம், விவசாயத் துறைக்கு ஐந்து பக்கம் எழுதினேன். இந்த நாட்டில் விவசாயியின் குரலைக் கேட்க நாதியில்லை என்பதை இரண்டிலும் வெவ்வேறு உவமைகளால் நிறுவியிருக்கிறேன். கை வலிக்கிறது.

நவம்பர் 29

மூன்று நாள் மழை. மழை என்று சொல்வது மரியாதைக் குறைவு. வானத்தை யாரோ தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்கள். என் கொல்லையில் ஒரு விறால் மீன் வந்து என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. வாசல்படி வரை ஏரி. ஒரு தவளை தபால் பெட்டிக்குள் குடியேறி, பதிவுத் தபால் கேட்கிறது.

வடக்குவெளி முழுக்கத் தண்ணீர். தூர் கட்டிக் கிளைக்கும் பருவத்தில் பயிராம். தைலம்மை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மடையை வெட்டிக்கொண்டிருந்தாள் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

இன்று குழம்பு வரவில்லை. ரொட்டி சாப்பிட்டேன்.

டிசம்பர் 5

தண்ணீர் வடிந்தது. தைலம்மை வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தால் சேறாகும் என்று அவளே உணர்ந்திருக்கிறாள்.

"அழுவிப்போச்சு மாமா. கையில எடுத்தா நூலு நூலா வருது. நாத்தம் தாங்கல." வாசல்படியைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருசம் குத்தகை நெல்லு அளக்க முடியாது" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். இத்தகைய தருணங்களில் உட்கார்ந்திருப்பது அழகில்லை. "இந்த ஆண்டுக் குத்தகை முழுவதும் தள்ளுபடி!" என்று அறிவித்தேன். எந்த மன்னன் செய்திருப்பான் இப்படி? வெறும் வயலிலிருந்து ஒரு மணி நெல்கூட வாங்கமாட்டேன் என்று சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும்.

அவள் முகத்தில் எதிர்பார்த்த பரவசம் தெரியவில்லை. "அரசாங்கத்துல நிவாரணம் குடுக்கறாவொளாம். அந்தக் கையெழுத்து..." என்றாள். நாலாவது படிவம் ஒன்றைத் தந்தாள்.

"கண்ணாடி" என்றேன்.

"ஜனவரி இருவத்தெட்டுல தோட்டை ஏலம் விடுவோம்னு சொசைட்டியில கடுதாசி குடுத்துட்டாங்க மாமா. அது எங்கம்மாவோட தோடு."

அவளுடைய அம்மா என் அக்கா. அந்தத் தோட்டை எனக்குத் தெரியும். சிவப்புக் கல்.

டிசம்பர் 12

பயிர்ச் சேதம் பார்க்க வி.ஏ.ஓ. வந்தார். பரிமளா என்று ஒரு சின்னப் பெண். கையில் ஒரு சிலேட்டு, போனில் ஒரு செயலி. அடங்கலில் பெயர் உள்ளவர் தன் வயலில் இறங்கி, சர்வே நம்பர் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போட்டோ எடுத்து அங்கேயே ஏற்றிவிடுவார்களாம். குற்றவாளிகளை எடுப்பது போல.

தைலம்மை பெயர்தான் இன்னும் ஏறவில்லையே. அவளுக்காக நானே போவது என்று தீர்மானித்தேன். தியாகம் என்பது இதுதான்.

வடக்குவெளியில் ஒரு சங்கடம். எல்லா வயலும் ஒரே சேறு, ஒரே அழுகல், ஒரே நாற்றம். எது என்னுடையது என்று எந்த வயலும் என்னிடம் சொல்லவில்லை. நான் கம்பீரமாக ஒன்றில் இறங்கப்போனேன்.

"அது நடேசு அண்ணன் வயலு மாமா. நம்மளுது இன்னும் ரெண்டு வரப்பு தாண்டணும்" என்று தைலம்மை கையைப் பிடித்து அழைத்துப்போனாள். முழங்கால் வரை இழுத்தது. அழுகிய பயிரின் வாடை மூக்கில் ஏறித் தலையைச் சுற்றியது. அவள் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குடை பிடித்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க. போட்டோவுல சார் மட்டும்தான் இருக்கணும்" என்றார் பரிமளா. தைலம்மை தள்ளி நின்றாள். குடை போனதும் தூறல் என் தலையில் விழுந்தது.

"பயிர் வெச்சது நீங்கதானா சார்?"

மழைக்குப் பிறகு எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இருமினேன். அதை அந்தப் பெண் 'ஆமாம்' என்று குறித்துக்கொண்டார். அரசாங்கத்துக்கு இருமல் மொழி தெரியாது. அது என் தவறா?

தைலம்மை எங்கோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து என் காலைக் கழுவ இரண்டு குடம் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 30

நிவாரணப் பட்டியல் பற்றிச் செய்திகள் கசிகின்றன. உப்பிலிக்கு உண்டாம்! மண்டபத்துக்கு முன்னால் கார் நிறுத்தும் இடம் இன்னும் அடங்கலில் நஞ்சை என்று இருக்கிறதாம். வெள்ளத்தில் அவருடைய மண்டபத்தில் மூழ்கியது ஒரு சாம்பார் அண்டா. அதற்கு அரசாங்கம் அழுகிறது. சிங்கப்பூரில் கப்பல் கழுவுகிறவனுக்கு உண்டு. நான்கு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒருவருக்கும் உண்டு என்கிறார்கள். அவர் எந்தச் சேற்றில் நின்று சிலேட்டைப் பிடித்தார்?

சேற்றில் கால் வைக்காதவன் சோற்றில் கை வைக்கிறான். இவர்கள் பெயரைத் தோலுரித்து ஒரு மனு எழுதப்போகிறேன். குடியரசு தினக் கிராம சபையில் நானே எழுந்து படிப்பேன். ஊர் அதிரும். பக்கத்து ஊரில் பாத்திரங்கள் உருளும்.

ஜனவரி 9

போனில் 'டிங்' என்றது. அரசாங்கம் ஏதோ அனுப்பியிருக்கிறது. தைலம்மையிடம் சொல்ல வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. பணப் பேச்சு வேண்டாம்.

ஜனவரி 12

நாகப்பட்டினம் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினேன். தங்க முலாம் ஃபிரேம். படிவத்தைப் படிக்கத்தானே. ஆகவே இது ஒரு வகையில் தைலம்மைக்கான செலவு.

ஜனவரி 15

பொங்கல். தைலம்மைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன். கத்தரிப்பூ நிறம். பதினொரு வருடத்தில் முதல் முறை. நெடுஞ்சாண்கிடையாக விழுவாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு மாமா?" என்றாள்.

"சும்மாத்தான். வச்சுக்க."

"கண்ணாடி புதுசா?"

"ம்."

"நல்லாருக்கு. அந்தப் படிவம் தெரியுதா இப்ப?"

பொங்கல் அன்று யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

புதுக் கண்ணாடியில் எல்லாம் அநியாயத்துக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவள் காதில் ஈர்க்குச்சியைச் சுற்றிச் சிவந்து புண்ணாகியிருக்கிறது. வேப்பெண்ணெய் போடச் சொன்னேன்.

சர்க்கரைப் பொங்கலில் முந்திரி தாராளம். அவளுக்கு ஏது முந்திரிக்குக் காசு என்று தெரியவில்லை.

ஜனவரி 20

மனு தயார். இருபத்திரண்டு பக்கம். தலைப்பு: 'பிறர் வியர்வையில் குளிக்கும் பேய்கள்.' கண்ணாடி முன் நின்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். என் குரலுக்கு நானே நடுங்கினேன்.

ஒரு யுக்தியும் கண்டுபிடித்திருக்கிறேன். பட்டியலில் உள்ள ஒவ்வொருவனும் சபை நடுவில் நின்று சொல்ல வேண்டும்: என்ன ரகம், எந்தத் தேதி நட்டான். உண்மையான விவசாயிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பேய் மாட்டிக்கொள்ளும்.

ஜனவரி 26

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து ஆலமரத்தடியில் கிராம சபை. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நாற்காலி ஆண்களுக்கு, ஜமக்காளம் பெண்களுக்கு. களை எடுக்கிற பெண்கள் பின்வரிசை. தைலம்மை அங்கே உட்கார்ந்திருந்தாள். என் சேலையைக் கட்டியிருக்கவில்லை.

நான் எழுந்தேன். மூன்று பக்கம் படிப்பதற்குள் ஊராட்சித் தலைவி "சுருக்கமா சொல்லுங்க சார்" என்றார். சரி என்று நேராக யுக்திக்கு வந்தேன்.

"பட்டியலைப் படிக்கட்டும்! பெயர் வந்தவர் எழுந்து நின்று, நெல்லின் ரகமும் நட்ட தேதியும் சொல்லட்டும்! சொல்ல முடியாதவன் பணத்தைத் திருப்பிக் கட்டட்டும்!"

கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். இப்படி ஒரு கைதட்டலை இந்த ஆலமரம் பார்த்ததில்லை. பரிமளா தயங்கினார். "படிம்மா, படி" என்று பின்வரிசையில் குரல். அவர் சர்வே நம்பர் வரிசைப்படி படிக்க ஆரம்பித்தார். நடேசு எழுந்தார், "ஆடுதொற அம்பத்தொண்ணு, அக்டோபர் மூணு" என்று பட்டென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த பெயர் உப்பிலி.

"என்ன ரகம் உப்பிலி?" என்று நானே கேட்டேன்.

அவர் மண்டபத்துக்காரர். அவருக்குத் தெரிந்த அரிசி ஒன்றுதான். "பாசுமதி" என்றார்.

ஆலமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. அப்படி ஒரு சிரிப்பு. ஒரு கிழவர் மூச்சுத் திணறி முதுகில் தட்டவேண்டி வந்தது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். உப்பிலி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்த ஆளுக்கு வெட்கமே கிடையாது. உட்கார்ந்தபடி சொன்னார்: "அடுத்த பேரைப் படிங்க மேடம். சாருக்கு அவசரம்."

பரிமளா படித்தார். "வேதமூர்த்தி. வடக்குவெளி. ஆறு மா."

எனக்கு இருமல் வரவில்லை. வேண்டியபோது வராத இருமல்.

"பொன்னி" என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. "ஐப்பசி இரண்டாம் தேதி. நல்ல நேரம் பார்த்து நட்டது."

பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "நட்டியளா? நாத்து எங்க விட்டிய? உங்க வூட்டு மாடியிலயா?" என்று கேட்டாள். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. சிரித்த அத்தனை பேரும் என் நிலத்தில் களை எடுத்தவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

தைலம்மை எழுந்தாள். சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வது போலச் சொன்னாள்.

"நடல மாமா. புழுதியில தெளிச்சது. சி.ஆர். நெல்லு. பொரட்டாசி மொத வாரம். ஒங்க வூட்டுக்கு வந்து சொல்லிட்டுத்தான் தெளிச்சேன்."

பிறகு பரிமளாவைப் பார்த்து, "நாலு படிவம் குடுத்தேம்மா. கண்ணாடி இல்லன்னாவொ. இப்ப கண்ணாடி இருக்கு" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நெல்லு அழுவுன வயல்ல போட்ட உளுந்துக்கு மருந்தடிக்கணும்" என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் செப்டம்பர் பதினெட்டாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. தரையில் கால்தடம் பட்டதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 27

குழம்பு வரவில்லை.

வங்கிக்குப் போய், நிவாரணமாக வந்தது முழுவதையும் எடுத்து, கண்ணாடிக்கும் சேலைக்கும் போனதை என் பென்ஷனிலிருந்து சேர்த்து, தைலம்மை வீட்டுக்குப் போனேன். வழியில் டீக்கடைக்காரன் "சார், பொன்னி எப்புடி?" என்றான். இதை உப்பிலியைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

அவள் மருந்தடிக்கும் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்தா. நாளைக்கு ஏலம். காலையிலயே போய் மூட்டுரு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மாடத்தில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது இந்த வருசத்துது மாமா. அடுத்த வருசம் மழ வரும்ல?"

"வரும்."

"அப்ப யாரு சிலேட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது? எனக்கு ஒங்களக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவ தெம்பு இல்ல."

ரோடு வருகிறதாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தந்தியைக்கூட நான் தாமதித்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தைத் தேடினேன். பஞ்சாங்கத்துக்குள் வைத்தது எலி கடித்துப் பாதி. ஒன்றில் மசால்வடை எண்ணெய் ஊடுருவிக் கண்ணாடி போல ஆகியிருக்கிறது. ஒன்றைக் காணவே இல்லை. நாலாவது வெந்நீர்ச் சொம்புக்கு அடியில் இருந்தது. நடுவில் வட்டமாகக் கறை. 'நில உரிமையாளர் கையொப்பம்' என்ற இடம் சரியாக அந்த வட்டத்துக்குள்.

ஜனவரி 28

பதினோரு மணிக்குத் தைலம்மை வந்தாள். காதில் தோடு. சிவப்புக் கல். ஒரு காது இன்னும் வீங்கியிருக்கிறது. உருவிய ஈர்க்குச்சி இரண்டையும் என் வாசலில் போட்டாள்.

அவள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டேன். கறை மேல். பேனாவில் மை இருந்தது. இந்த நோட்டு முழுவதையும் எழுதிய பேனா அதுதான்.

அவள் படிவத்தை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். கத்தரிப்பூச் சேலையையும் அதே பையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

"குத்தகை நெல்லு வழக்கம்போல அளந்துருவேன் மாமா. அது பேச்சு." வாசல் வரை போய்த் திரும்பினாள். "கொழம்பு பேச்சுல இல்ல."

ஜனவரி 31

ரசம் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. உலகத்தில் இதுவரை வைக்கப்பட்ட ரசங்களிலேயே கேவலமான ரசம் இதுதான் என்று பதினான்கு பக்கம் எழுதலாம்.

யாருக்கு மனு போடுவது?